ஏற்காட்டில் ஓர் அறை, ஜூலை 16

அன்புள்ள அண்ணனுக்கு,

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ இறந்தது 2017 ஜூலை 16. வருடாவருடம் அந்த நாளில் நண்பர்கள் நாலைந்து பேர் ஏற்காட்டில் அறை எடுத்து அவருடைய ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ பார்ப்போம். கடைசியில் துப்பாக்கி வெடித்ததும் லைட்டைப் போட்டுவிட்டு எழுந்து நின்று இரண்டு நிமிடம் அவரை நினைத்துக்கொள்வோம். இந்த முறை கிளம்பும்போது அக்கா கேட்டுவிட்டார்: “பிணம் மனுசனைத் தின்கிற படம் எடுத்த ஆளுக்கெல்லாம் அஞ்சலியாடா?” எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா மேல் தப்பில்லை. கதையை ஒரு வரியில் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஏற்காட்டில் பனி இறங்கிய ஒரு சாயங்காலம் எஸ்டேட் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். எதிரே தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு ஒருவர் வந்தார். முகம் தெரியவில்லை, நடையில் லேசான தள்ளாட்டம். பக்கத்தில் வந்து “மணி என்னங்க?” என்று கேட்டார், காவல்காரர். அந்தப் பத்துப் பதினைந்து அடிக்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ரொமேரோ படத்தின் முதல் பிணம் அப்படித்தான் வரும். கல்லறைத் தோட்டத்தில், பகல் வெளிச்சத்தில், யாரோ வயதானவர் நடந்து போகிறார் என்றுதான் அண்ணனும் தங்கையும் நினைப்பார்கள். கோரைப்பல், பாழடைந்த கோட்டை எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரைப் போல இருக்கும் ஒருவரைப் பார்த்துப் பயப்பட வைத்தவர் அவர்.

அப்புறம் அந்த வீடு. வெளியே பிணங்கள் கூடிக்கொண்டே போக, உள்ளே ஏழு பேர், கதவுக்குப் பலகை அடிப்பதா, நிலவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வதா என்று சண்டை போடுகிறார்கள். நமக்குப் பிடித்த பென் மேலேயே இருப்போம் என்கிறான். பிடிக்காத கூப்பர் கீழே போவோம் என்கிறான். கடைசியில் பென்னும் அந்த நிலவறைக்குள் போய்த்தான் இரவைத் தாண்டுகிறான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு மனசு கனத்துவிடும். ஒத்துப்போயிருந்தால் பிழைத்திருப்பார்களே என்று தோன்றும்.

அவர் மேல் எனக்கிருக்கும் பிரியத்துக்கு இன்னொரு காரணம் உண்டு, அது சேலத்துக்காரனுக்கு நன்றாகவே புரியும். நியூயார்க்கில் பிறந்தவர், படிக்கப் போன பிட்ஸ்பர்க்கிலேயே தங்கி, ஹாலிவுட் பக்கம் போகாமல் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். கூட்டாளிகள் ஆளுக்கு 600 டாலர் போட்டு ஆரம்பித்த படம் இது. மொத்தச் செலவு சுமார் 1,14,000 டாலர். இடிக்கப்போகும் ஒரு பண்ணை வீட்டில் படப்பிடிப்பு. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். கூப்பராக நடித்தவர் தயாரிப்பாளர்களில் ஒருவர். படத்தில் அவர் மகளாக வரும் சிறுமி நிஜத்திலும் அவர் மகள்தான். 1935ல் டி.ஆர். சுந்தரம் ஏற்காடு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவைத் தொடங்கி, சென்னைக்குப் போகாமல் இங்கேயே படம் படமாக எடுத்தாரே, அதன் நுழைவாயில் வளைவைத் தாண்டித்தானே நீங்கள் மலை ஏறுகிறீர்கள்! அளவு வேறு, ஆனால் அந்தத் துணிச்சல் ஒன்றுதான்.

அவ்வளவு பாடுபட்டும் பணம் அவருக்குச் சரியாக வந்து சேரவில்லை. விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றியபோது, பழைய தலைப்போடு இருந்த காப்புரிமை அறிவிப்பு விட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த அறிவிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை. யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்றார்கள். ஐந்து ரோடு பக்கம் நான் வாங்கிய மலிவு டிவிடியும் அந்த வழியில் வந்ததுதான்.

சரி, அக்காவுக்குப் பதில். பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். 1968ல் வெள்ளைக்காரர்களுக்கு நடுவே அவர் கட்டளையிடுகிறார், ஒருவர்கூட அவர் நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இரவெல்லாம் போராடிப் பிழைத்த அவரை, விடிந்ததும் உதவிக்கு வந்த கூட்டமே பிணமென்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. நீங்கள் லைட்டைப் போடுவது இங்கேதான். அதற்கப்புறம் பெயர்கள் ஓடும்போது, செய்தித்தாள் படங்களைப் போல, புள்ளி புள்ளியாக, அசையாத படங்கள் வரும். கசாப்புக் கடைக் கொக்கிகளைக் கையில் பிடித்த ஆட்கள். பென்னின் முகம். விறகுக் குவியல், அதன் மேல் மற்றப் பிணங்களோடு அவரும். பிறகு தீ மூட்டுகிறார்கள்.

அடுத்த ஜூலையில் அக்காவையும் ஏற்காட்டுக்குக் கூட்டிப் போங்கள். அந்தத் தீ பற்றி எரியும்வரை யாரும் லைட்டைப் போட வேண்டாம்.