மரப்பலகையில் பொன் அரிக்கும் பெட்டி ஒன்றை நாமே வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். நான் இரண்டு செய்திருக்கிறேன். முதலாவது ஒரு குளிர்காலத்தில் அடுப்புக்குள் போய்விட்டது.

பலகையைத் தொடமுதல் அரிக்கன் சட்டியை நினைத்துப் பாருங்கள். அம்மம்மா அரிசி அரிக்கும்போது சட்டியின் உட்பக்க வரிகளில் கல் தங்கிவிடும், அரிசி தண்ணியோடு சரிந்து போகும். பொன் பெட்டியும் அதே கதைதான். தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு பாரம். வெண்மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். அதனால் மணல் ஓடிவிட, பொன் பெட்டிக்குள் குறுக்கே அடித்த சட்டத்தடியில் படுத்துவிடும்.

நான் இருப்பது அவுஸ்திரேலியாவில், பலராட்டுக்குக் கிட்ட. முதலில் செய்தது ஓடைக்குள் வைக்கும் நீளப் பெட்டி: நாலடி நீளம், பத்து அங்குல அகலம், அடியில் பழைய கார்ப்பெற், அதன்மேல் முக்கால் அங்குலச் சட்டங்கள். மூலைகள் எல்லாம் அச்சொட்டாகப் பொருந்தின. அந்தப் பெருமையில் ஆளிவிதை எண்ணெய் வேறு பூசினேன். எண்ணெய்ப் பசையில் தூள் பொன் ஒட்டி மிதந்து போய்விடும் என்று பிறகுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய பிழை சரிவு. அடிக்கு ஒரு அங்குலம் போதும். நான் இரண்டு வைத்தேன். மணலோடு எல்லாம் போனது. கோடையில் ஓடையும் வற்றிவிட, பெட்டி கராஜில் கிடந்தது.

தண்ணி குறைந்த இடத்துக்கு ஏற்றது தொட்டில்தான். இங்கேயும் அதைத் தொட்டில் என்றே சொல்கிறார்கள், ஆட்டுவதால். 1851இல் நியூ சவுத் வேல்ஸில் எட்வர்ட் ஹார்கிரேவ்ஸ் கலிபோர்னியாவில் பார்த்த தொட்டிலின் செய்முறையை உள்ளூர் இளைஞர்களுக்குக் காட்டிக் கொடுத்தார். அதை வைத்துப் பொன் எடுத்தவர்கள் அவர்கள். பேரும் பரிசுப் பணமும் பெரும்பாலும் இவருக்கு.

என் தொட்டில் பைன் பலகையில் செய்தது. மேலே கழற்றக்கூடிய ஒரு பெட்டி, அதன் அடியில் 12 மில்லிமீற்றர் ஓட்டைகள் போட்ட தகரம். பெரிய கல் அங்கேயே நின்றுவிடும். அதன்கீழ் ஒரு சட்டகத்தில் கன்வஸ் துணியைப் பின்பக்கமாகச் சரித்து, சற்றுத் தொய்வாக அடிக்க வேண்டும். இழுத்துக் கட்டிவிடாதீர்கள், பொன்னில் ஒரு பங்கு அந்தத் தொய்வில்தான் தங்கும். அதற்கும் கீழே முன்பக்கம் சரிந்த தளம், இரண்டு குறுக்குச் சட்டம். அடியில் வளைவாக வெட்டிய இரண்டு கட்டைகள், ஆட்ட ஒரு கைபிடி. ஒரு கையால் தண்ணி ஊற்றி மற்றக் கையால் ஆட்டலாம். வழியும் தண்ணியை ஒரு தொட்டியில் பிடித்துத் தெளியவிட்டுத் திரும்பவும் ஊற்றுவேன். எண்ணெயும் பூச்சும் வேண்டாம். முதல் நாள் இரவு நனையவிட்டால் பலகை ஊதிப் பொருத்துகள் தானாக இறுகும்.

களிமண்ணை மட்டும் அப்படியே போடாதீர்கள். களி உருண்டைகள் சட்டத்தைத் தாண்டி உருளும்போது பிடிபட்ட பொன்னையும் ஒட்டிக்கொண்டு போகும். முதலில் வாளியில் போட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுக்குக் கொண்டுபோகமுன் வீட்டிலேயே சோதிக்கலாம். ஈயத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிச் சுத்தியலால் தட்டையாக்கி, இருபதை எண்ணி மண்ணில் கலந்து அரியுங்கள். ஈயம் தங்கத்தைவிட இலேசு. அது நின்றால் பொன் நிற்கும். எனக்கு முதலில் பதினொன்றுதான் திரும்பி வந்தது. சரிவைக் குறைத்த பிறகு பத்தொன்பது. பழைய ஆட்கள் மாதிரிப் பாதரசம் மட்டும் பாவிக்க வேண்டாம், அது நஞ்சு.

பலராட் இருக்கும் விக்ரோறியா மாநிலத்தில் இதற்கு மைனர்ஸ் ரைட் என்ற அனுமதி எடுக்க வேண்டும்; பத்து வருடம் செல்லும். 1854இல் பலராட்டில் பொன் தோண்டியவர்களின் யூரேக்கா கிளர்ச்சி நடந்ததே மாதாமாதம் கட்டச் சொன்ன உரிமக் கட்டணத்தால்தான், அடுத்த வருடம் அதற்குப் பதிலாக வந்தது இது. தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் தடை, கேட்டுவிட்டுப் போங்கள்.

பழைய சுரங்கக்காரர்கள் தேய்ந்த பெட்டிகளை எரித்து, பலகை வெடிப்புகளில் செருகியிருந்த பொன்னுக்காகச் சாம்பலை அரிப்பார்களாம். நானும் விடவில்லை, அடுப்புக்குப் போன முதல் பெட்டியின் சாம்பலை அரித்தேன். பதினான்கு ஆணி கிடைத்தது.