மசோதாவின் பின்னுள்ள கோப்பைக் கேட்டுப் பெறுவது எப்படி?

கேள்வி: மத்திய அரசின் வரைவு மசோதா ஒன்றுக்குக் கருத்து அனுப்பியிருந்தேன். அது இப்போது சட்டமாகிவிட்டது. "பொதுமக்களின் கருத்துகளை ஏன் ஏற்கவில்லை?" என்று சட்ட அமைச்சகத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க மனு எழுதி வைத்திருக்கிறேன். இது சரியா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உங்கள் அக்கறை நியாயமானது, ஆனால் இந்த வடிவில் மனுவை அனுப்ப வேண்டாம். அலுவலகத்திடம் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் இந்தச் சட்டத்தின்கீழ் பெற முடியும், புதிதாக விளக்கம் எழுதித் தரும் கடமை தகவல் அலுவலருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. "ஏன்" என்று தொடங்கும் கேள்வியை அந்த ஒரு வரியைக் காட்டியே திருப்பி அனுப்பிவிடலாம். நீங்கள் தேடும் காரணம் ஏதோ ஒரு கோப்பின் குறிப்புத் தாளில் எழுதப்பட்டிருக்கும். ஆகவே அந்தத் தாளின் நகலைக் கேளுங்கள். பிரிவு 2(f) கருத்துரை, ஆலோசனை, மின்னஞ்சல் ஆகியவற்றையும் "தகவல்" என்றே வரையறுக்கிறது.

அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சட்ட அமைச்சகத்தில் சட்ட விவகாரங்கள் துறை பிற அமைச்சகங்களுக்குச் சட்ட ஆலோசனை வழங்குகிறது. சட்டமியற்றும் துறை மசோதாவின் வாசகத்தை வரைகிறது. கொள்கையை முடிவு செய்வதும் பொதுமக்கள் கருத்தைப் பெறுவதும் அந்தப் பொருளுக்குப் பொறுப்பான அமைச்சகத்தின் வேலை. ஆலோசனைக்காக வரும் கோப்பும் பொதுவாகக் குறிப்பு எழுதப்பட்டு அனுப்பிய இடத்துக்கே திரும்பிவிடும். எனவே உங்கள் மனுவை அந்த அமைச்சகத்துக்கே அனுப்புங்கள். தவறான இடத்துக்குப் போனாலும் பிரிவு 6(3)-இன்படி 5 நாள்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும் என்றாலும், அதை நம்பியிருப்பதைவிட நேரே அனுப்புவதே நல்லது.

சட்டம் இயற்றுவதற்கு முந்தைய கலந்தாலோசனை குறித்த மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டுக் கொள்கை, வரைவைக் குறைந்தது 30 நாள்கள் பொதுவெளியில் வைக்கவும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை அமைச்சகத்தின் இணையதளத்தில் வெளியிடவும் சொல்கிறது. உங்கள் மனுவுக்கு இதுவே பிடி. அதை இப்படி எழுதலாம்: "மேற்படி மசோதா தொடர்பாகப் பெறப்பட்ட பொதுமக்கள் கருத்துகளின் தொகுப்பு அல்லது சுருக்கம், அவற்றைப் பரிசீலித்த கோப்பின் குறிப்புத் தாள்கள், சட்ட அமைச்சகம் அளித்த ஆலோசனைக் குறிப்பு ஆகியவற்றின் நகல்களை அளிக்க வேண்டுகிறேன்." மசோதாவின் பெயரையும் வரைவு வெளியான தேதியையும் தவறாமல் குறிப்பிடுங்கள். காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை.

அமைச்சரவை ஆவணம் என்று சொல்லி மறுத்தால் தயங்க வேண்டாம். முடிவு எடுக்கப்பட்டு விஷயம் முழுமையடைந்தபின் அந்த முடிவும், காரணங்களும், அடிப்படையான ஆவணங்களும் வெளியிடப்பட வேண்டும் என்று, அமைச்சரவை ஆவணங்களுக்கு விலக்கு தரும் அதே பிரிவு 8(1)(i) சொல்கிறது. உங்கள் மசோதாவோ சட்டமாகவே ஆகிவிட்டது. கோப்பில் ஒரு பகுதிக்கு விலக்கு பொருந்தினாலும், அதை மறைத்துவிட்டு மீதியைத் தரும்படி பிரிவு 10-ஐக் காட்டிக் கேட்கலாம்.

கட்டணம் 10 ரூபாய். மத்திய அரசின் இணையவழியில் செலுத்தலாம், போஸ்டல் ஆர்டராகவும் இணைக்கலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் தில்லியில் மொழிபெயர்ப்புக்காகத் தாமதமாகாமல் இருக்க ஆங்கிலப் படி ஒன்றையும் சேர்த்தனுப்புவது என் யோசனை.

பதிலுக்கான கெடு 30 நாள்கள். பதில் வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ அடுத்த 30 நாள்களுக்குள் அதே அமைச்சகத்தின் முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அவரும் மறுத்தால் 90 நாள்களுக்குள் மத்திய தகவல் ஆணையத்துக்குச் செல்லலாம். கெடு தாண்டிக் கிடைக்கும் நகல்களுக்குப் பணம் கேட்டால் பிரிவு 7(6)-ஐச் சுட்டிக்காட்டுங்கள். அவற்றை இலவசமாகவே தர வேண்டும்.