சூப்பர்ஹீரோக்களை அரசு கட்டாயமாகப் பணியில் சேர்ப்பது நியாயமா, விரும்புகிறவர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதாதா?

பயிற்சி கட்டாயம் என்றால் நான் அயர்ன் மேன் பக்கம். பணி கட்டாயம் என்றால் கேப்டன் அமெரிக்கா பக்கம். கேள்வி கேட்டவர் ‘சிவில் வார்’ காமிக்ஸை வைத்து இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்கிறார். ஆனால் அந்தக் கதையில் நடந்த கூத்தே, இந்த இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் போட்டு முடிச்சுப் போட்டதுதான்.

படம் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சுருக்கமாக: காமிக்ஸ் வேறு கதை. 2006-07இல் மார்வெல் வெளியிட்ட ஏழு இதழ்கள், எழுத்து மார்க் மில்லர், ஓவியம் ஸ்டீவ் மெக்நிவன். நியூ வாரியர்ஸ் என்ற இளவட்டக் குழு ஒரு டிவி ரியாலிட்டி ஷோவுக்காக வில்லன்களைப் பிடிக்கப் போகிறது. கனெக்டிகட் மாநிலத்து ஸ்டாம்ஃபோர்டில், தன்னையே வெடிக்கவைத்துக்கொள்ளும் நைட்ரோவை ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மடக்குகிறார்கள். அவன் வெடிக்கிறான். 600 பேருக்கு மேல் சாகிறார்கள், நிறைய பேர் குழந்தைகள். அதன் பிறகு வருவதுதான் அதிமனிதர் பதிவுச் சட்டம்: உண்மைப் பெயரைக் கொடு, பயிற்சி எடு, அரசு சொல்லும் இடத்தில் வேலை செய். மறுத்தால் நெகட்டிவ் ஸோன் என்ற வேற்றுப் பரிமாணத்தில் கட்டிய சிறை. சட்டத்தை ஆதரித்தவர் டோனி ஸ்டார்க், அதாவது அயர்ன் மேன். எதிர்த்தவர் கேப்டன் அமெரிக்கா.

டோனி ஸ்டார்க் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ரசிகர்கள் பலர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. நியூ வாரியர்ஸ் கெட்ட பிள்ளைகள் இல்லை. எதிரே இருப்பவர்கள் தங்கள் சக்திக்கு மீறிய ஆட்கள் என்று தெரிந்தும், எபிசோடு பிரமாதமாக வரும் என்று இறங்கினார்கள். கார் ஓட்ட லைசென்ஸ் கேட்கிற அரசு, கட்டடத்தைப் பெயர்த்து எறிகிற கைக்கு லைசென்ஸ் கேட்கக் கூடாதா? தாராளமாகக் கேட்கலாம். ஆனால் லைசென்ஸ் வாங்கப் போனவனிடம் “நாளை முதல் நீ அரசு பஸ் டிரைவர், போஸ்டிங் மொன்டானா” என்று எந்த ஆர்டிஓவும் சொல்வதில்லை. பதிவுச் சட்டம் அதைத்தான் சொன்னது. 50 மாநிலங்களுக்கும் ஆளுக்கொரு குழு என்று திட்டம் போட்டார்கள். அதை நிரப்ப ஆள் வேண்டுமே!

சட்டத்தின் விவரங்கள் எழுத்தாளருக்கு எழுத்தாளர் மாறின என்பதும் உண்மை. சக்தியைப் பயன்படுத்தாமல் இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு இதழில் தோன்றும், அடுத்ததில் அப்படி இருக்காது. எனக்கு இதைத் தீர்த்துவைத்தது ‘நியூ அவெஞ்சர்ஸ்’ 22ஆம் இதழ். பதிவு செய்ய மறுத்த சூப்பர்ஹீரோ லூக் கேஜ் யாருடனும் சண்டைக்குப் போகவில்லை. மனைவி ஜெசிகாவையும் கைக்குழந்தையையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு ஹார்லெமில் தன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். நள்ளிரவு, சட்டம் அமலுக்கு வருகிறது. ஷீல்டு என்ற அரசு உளவு அமைப்பின் படை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. சும்மா வீட்டில் இருப்பதும் குற்றம் என்று ஆன பிறகு அதைப் பயிற்சித் திட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, அந்தப் பயிற்சி எப்படி நடந்தது? இதற்கு மில்லரின் ஏழு இதழ்களில் பதில் இல்லை. டான் ஸ்லாட் எழுதி ஸ்டெஃபானோ கசெல்லி வரைந்து 2007இல் தொடங்கிய ‘அவெஞ்சர்ஸ்: தி இனிஷியேட்டிவ்’ தொடரில் இருக்கிறது. ஸ்டாம்ஃபோர்டிலேயே கேம்ப் ஹாமண்ட் என்று ஒரு முகாம். ட்ரில் மாஸ்டர் ராணுவ சார்ஜென்ட், அதிகாரி ஹென்றி கைரிச், ஆய்வுக்கூடத்தில் ஒரு பழைய நாஜி விஞ்ஞானி. வந்து சேரும் பிள்ளைகளில் க்ளவுட் நைன் என்ற பெண் இருக்கிறாள். ஒரு மேகத்தின் மேல் ஏறிப் பறப்பாள், அவ்வளவுதான். யாரையும் அடிக்கும் ஆசையே அவளுக்கு இல்லை. பறப்பது பிடிக்கும், பறந்தாள், சிக்கினாள்.

முதல் இதழிலேயே விபத்து. எதிரில் இருப்பவரின் பயமாகவே உருமாறும் ட்ராமா என்ற பையனைச் சோதிக்கிறார்கள். ஆர்மரி என்ற பெண்ணுக்குச் சிலந்தி என்றால் நடுக்கம். அவன் ராட்சதச் சிலந்தியாக மாற, அவள் பதறிப்போய்க் கையில் பொருத்தியிருந்த வேற்றுக்கிரக ஆயுதத்தால் கண்டபடி சுடுகிறாள். க்ளவுட் நைனைக் காப்பாற்றப் பாய்ந்த எம்விபி என்ற பையன் அங்கேயே செத்துப்போகிறான். பிறகு முகாம் செய்தவற்றைக் கவனியுங்கள். சாவை மூடி மறைத்தார்கள். அவன் உடலிலிருந்து குளோன்கள் எடுத்தார்கள், அதில் ஒன்றை அவன் வீட்டுக்கே மகன் என்று அனுப்பினார்கள். ஆர்மரியின் கையிலிருந்து ஆயுதத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவளை வெளியே அனுப்பினார்கள். அதே ஆயுதம் பிறகு இன்னொரு குளோனின் கைக்குப் போய் முகாமையே ரத்தக்களறி ஆக்கியது. முகாமுக்கு வேண்டியிருந்தது ஆயுதமும் உடம்பும்தான். பிள்ளை அதோடு ஒட்டிக்கொண்டு வந்த சுமை.

கட்டாயப் பணி பயிற்சியைக் கெடுக்கும் என்று நான் சொல்வது இதனால்தான். ஆள் எண்ணிக்கையை நிரப்பியாக வேண்டிய இடத்தில், “இந்தப் பிள்ளைக்கு இது ஒத்துவராது” என்று சொல்ல வாத்தியாருக்கு அதிகாரம் இருக்காது. சொன்னாலும் கேட்க ஆள் இருக்காது.

இதற்கு நேர் எதிர் 2010இல் கிறிஸ்டோஸ் கேஜ் எழுதத் தொடங்கிய ‘அவெஞ்சர்ஸ் அகாடமி’. அப்போது பதிவுச் சட்டம் ஒழிந்துவிட்டது. நார்மன் ஆஸ்பார்ன் என்ற வில்லன் பிடித்துவைத்துச் சித்திரவதை செய்த பதின்வயதுப் பிள்ளைகளை ஹாங்க் பிம் என்ற மூத்த அவெஞ்சர் ஒரு பள்ளியில் சேர்க்கிறார். வெய்ல் என்ற பெண்ணின் உடல் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கரைகிறது. ஹாஸ்மாட் யாரையும் தொட முடியாது, உடம்பே விஷம். இவர்களுக்குப் பயிற்சி முதலில் தங்களுக்காகவே வேண்டும். அங்கேயும் ஒரு பொய் உண்டு: ‘நம்பிக்கை நட்சத்திரங்கள்’ என்று சொல்லிச் சேர்த்தார்கள், உண்மையில் இவர்கள்தான் வில்லன்களாக மாற அதிக வாய்ப்பு உள்ளவர்கள் என்று பிள்ளைகளே முதல் இதழின் முடிவில் கண்டுபிடிக்கிறார்கள். ஆனாலும் இருக்கிறார்கள்.

எட்டாம் இதழில் மூன்று மாணவர்கள், ஆசிரியை டைக்ராவை முன்பு அடித்து அவமானப்படுத்திய ஹுட் என்ற ரவுடியைத் தேடிப் போய் நொறுக்கி வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். டைக்ராவுக்கு வந்த கோபத்தில் முதல் வார்த்தை: பள்ளியை விட்டு வெளியே போங்கள். இந்தப் பள்ளியின் அதிகபட்சத் தண்டனையே வெளியேற்றம்தான். பிற்பாடு வெய்ல் தானாகவே படிப்பை விட்டுவிட்டு ஒரு கம்பெனிக்காரனோடு சேர்ந்துகொண்டபோதும் அவளைச் சங்கிலி போட்டு இழுத்து வர யாரும் போகவில்லை.

விருப்பப் பயிற்சி என்றால் எல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய எக்ஸ்-மென் பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் பள்ளிக்கூடம், வேலை பதின்வயதுப் பிள்ளைகளை மாக்னெட்டோ என்ற வில்லன் முன்னால் நிறுத்துவது. 2006இல் வந்த ‘டெட்லி ஜெனிசிஸ்’ இன்னும் மோசமான ஒன்றைச் சொன்னது: பள்ளியை நடத்தும் சேவியர் அரைகுறைப் பயிற்சியோடு ஒரு மாணவர் குழுவை உயிருள்ள தீவான கிரகோவாவுக்கு அனுப்பிப் பலிகொடுத்து, அந்த நினைவையே தன் மாணவர் சைக்ளாப்ஸின் மூளையிலிருந்து அழித்திருந்தார். கைரிச் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? செயலில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் உண்மை வெளியே வந்ததும் சைக்ளாப்ஸ் சேவியரையே வீட்டை விட்டுப் போகச் சொன்னார், சேவியர் போனார். கேம்ப் ஹாமண்ட் பிள்ளைகளில் ஒருவர் கைரிச்சிடம் அப்படிச் சொல்லியிருந்தால் நேரே சிறைதான்.

“நாட்டில் கட்டாய ராணுவ சேவையே இருந்ததே” என்று கருத்துப் பெட்டியில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். ஆமாம். அமெரிக்காவில் 1973 வரை இருந்தது, அது அடிமை வேலை ஆகாது என்று அவர்கள் உச்ச நீதிமன்றமே 1918இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் வியட்நாமுக்கு இழுக்கப்பட்டவனுக்கும் இரண்டு வருடம் என்று ஒரு கணக்கு இருந்தது, முடிந்ததும் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான். க்ளவுட் நைன் மேகத்தை எங்கே ஒப்படைப்பாள்? சக்திக்கு ரிட்டயர்மென்ட் இல்லை, அதனால் சேவைக்கும் இல்லை.

இன்னொன்று, பட்டியல் யார் கைக்குப் போகும் என்ற விஷயம். ஸ்டார்க் தன் காலம் முழுக்கத் தானே பொறுப்பில் இருப்பார் என்ற நினைப்பில் சட்டத்தை ஆதரித்தார். 2008இன் ‘சீக்ரெட் இன்வேஷன்’ முடிவில் ஸ்க்ரல் என்ற வேற்றுக்கிரகவாசிகளின் படையெடுப்பைத் தடுக்கத் தவறினார் என்று ஷீல்டு தலைவர் பதவியிலிருந்து அவரைத் தூக்கிவிட்டு, அரசு அந்த நாற்காலியை க்ரீன் காப்ளினாக இருந்த நார்மன் ஆஸ்பார்னுக்குக் கொடுத்தது. அப்போது ஸ்டார்க் என்ன செய்தார்? எல்லோரின் உண்மைப் பெயர்களும் இருந்த பதிவேட்டை வேறு யாரிடமும் இல்லாமல் அழித்து, தன் மூளையில் இருந்த ஒரே பிரதியையும் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டே நாடு நாடாக ஓடினார். மேட் ஃப்ராக்ஷன் எழுதிய ‘இன்வின்சிபிள் அயர்ன் மேன்’ தொடரில் இது வருகிறது. பதிவுச் சட்டத்துக்கு எதிராக கேப்டன் பேசிய எந்த வசனத்தையும் விட இது வலுவான வாதம்.

கேப்டனுக்கு இது புதிதும் இல்லை. 1987இல் மார்க் க்ரூன்வால்ட் எழுதிய ‘கேப்டன் அமெரிக்கா’ 332ஆம் இதழில், ஒரு அரசு ஆணையம் அவரைக் கூப்பிட்டு “உடையும் கேடயமும் அரசுச் சொத்து, எங்கள் உத்தரவுப்படி வேலை செய்” என்கிறது. 1941இல் தானே முன்வந்து ஊசி போட்டுக்கொண்ட மனிதர். கேடயத்தை மேஜை மேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அரசு ஜான் வாக்கர் என்பவரைப் பிடித்து அதே உடையை மாட்டியது, அவர் மெல்ல மெல்ல நிலைகுலைந்ததுதான் அந்தத் தொடரின் நல்ல பகுதி. வால்வரின் கதையும் இதே சாயல்: 1975இல் கனடா அரசு வேலையை உதறிவிட்டு எக்ஸ்-மென்னில் சேர்ந்தார், மூன்று வருடம் கழித்து “உன் பயிற்சிக்குக் கோடிக்கணக்கில் செலவழித்திருக்கிறோம்” என்று திரும்ப இழுத்துப் போக ஆள் அனுப்பினார்கள்.

நம் முத்து காமிக்ஸ் வாசகர்கள் “இரும்புக்கை மாயாவி அரசு உளவுப்படையில்தானே வேலை பார்த்தார்” என்று கேட்கலாம். பார்த்தார். எனக்கும் மாயாவி மேல் பெரிய பாசம் உண்டு. ஆனால் அந்தக் கதைகள் பணியைச் சாகசமாகவே காட்டும், அவர் வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று கேட்காது.

படிக்க நினைத்தால் ‘சிவில் வார்’ முதன்மைத் தொடரோடு நிறுத்தாதீர்கள். ‘இனிஷியேட்டிவ்’ முதல் இதழையும் ‘அகாடமி’ முதல் இதழையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் படியுங்கள். லூக் கேஜ் வரும் 22ஆம் இதழ் முன்கதை தெரியாவிட்டாலும் தனியாகப் புரியும்.