மதியச் சாப்பாட்டு டப்பா: சத்தாகக் கட்டினால் செலவு கூடுமா?

பள்ளிப் பிள்ளைகளின் டப்பா பற்றிப் பெற்றோர் கேட்டவற்றுக்கு என் பதில்கள். விலைகள் தோராயம்தான், ஊருக்கு ஊர் மாறும்.

கேள்வி: எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், கூடவே ஒரு சிப்ஸ் பாக்கெட். இதுதான் என் மகனுக்கு வழக்கம். சத்தாக மாற்றினால் எவ்வளவு கூடும்?

பதில்: சிப்ஸை நிறுத்தினாலே 10 ரூபாய் மிச்சம். கொண்டைக்கடலை கிலோ 100 ரூபாய் என்றால் 30 கிராம் 3 ரூபாய். தாளித்துத் தேங்காய்ப்பூ தூவினாலும் 5 ரூபாய்க்குள் சுண்டல் முடிந்துவிடும். அதில் 5, 6 கிராம் புரதம். ஒரு முட்டையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். எலுமிச்சை சாதம் இருக்கட்டும், வேர்க்கடலையைத் தாராளமாகப் போடுங்கள். பிள்ளைக்குப் பிடித்ததைப் பிடுங்கிவிட்டுச் சத்து கொடுத்தால் டப்பா அப்படியே திரும்பி வரும்.

கேள்வி: சிறுதானியம், ஓட்ஸ், பாதாம் எல்லாம் வாங்கினோம். மளிகை பில் எகிறிவிட்டது.

பதில்: எகிறத்தான் செய்யும். சாமையும் தினையும் சாதாரண அரிசியைவிட விலை அதிகம். கேழ்வரகு அப்படியில்லை, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் இருக்கிறது. முருங்கைக்கீரை போட்டு அடை தட்டுங்கள். மதியத்துக்குள் காய்ந்துவிடும் என்பதால் மாவில் கொஞ்சம் தயிர் சேர்த்துப் பிசையுங்கள். பாதாம் வாங்கும் காசுக்கு நாலு மடங்கு வேர்க்கடலை கிடைக்கும், புரதமும் குறையாது. 'ஹெல்த்' என்று அச்சிட்ட பாக்கெட்டுகளுக்குப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பணம் கொட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: இருவரும் வேலைக்குப் போகிறோம். காலையில் நூடுல்ஸ் கிண்டத்தான் நேரம் இருக்கிறது.

பதில்: சத்தான டப்பாவுக்கு ஆகும் பெரிய செலவு இந்த நேரம்தான். ஞாயிறன்று கொண்டைக்கடலையை மொத்தமாக வேகவைத்து, பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். காய் நறுக்குவதை முந்தின இரவே உங்கள் கணவரும் செய்யலாமே! நூடுல்ஸ் தவிர்க்க முடியாத நாளில் முட்டை, கேரட் சேர்த்து, மசாலாவைப் பாதியாகக் குறையுங்கள். உப்பு அதில்தான் அதிகம்.

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடுகிறாள். டப்பாவும் கட்டவா?

பதில்: வேண்டாம். பள்ளி நாள்தோறும் முட்டை தருகிறார்கள், முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். டப்பாவுக்கு ஆகும் காசில் மாலையில் ஒரு கொய்யா வாங்கிக் கொடுங்கள். ஆப்பிளைவிட மலிவு, வைட்டமின் சி பல மடங்கு.