கேள்வி நேரம்: ஆறு கார்கள் மட்டும் ஓடிய பந்தயம்

கேள்வி: 2005 அமெரிக்க கிராண்ட் பிரி என்ற ஃபார்முலா 1 (எஃப் 1) கார் பந்தயத்தில் கோவை நரேன் கார்த்திகேயன் நாலாவது இடம் பிடித்தார். அன்று ஓடியதே ஆறு கார்தானாமே? மற்றவர்கள் ஏன் ஒதுங்கினார்கள்?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஆமாம், ஆறுதான். ஜூன் 19, இண்டியானாபொலிஸ். 20 கார்களும் ஃபார்மேஷன் லேப் (பந்தயம் தொடங்குமுன் போகும் ஒரு சுற்று) போயின. அது முடிகிற இடத்தில், மிஷ்லின் டயர் போட்ட 14 கார்களும் வரிசையாகப் பிட்டுக்குள் (அணிகள் காரைப் பழுது பார்க்கும் இடம்) திரும்பிவிட்டன. முதல் இடத்திலிருந்து கிளம்ப வேண்டிய டொயோட்டாவின் யார்னோ ட்ரூல்லியும் அதில் ஒருவர். கிரிடில் (புறப்படும் வரிசையில்) நின்றது பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஃபெராரி, ஜோர்டான், மினார்டி அணிகளின் ஆறு கார்கள்.

வினை 13-வது திருப்பத்தில் இருந்தது. ஓவல் (நீள்வட்ட) டிராக்கின் ஒரு வளைவை எஃப் 1 கார்கள் அங்கே எதிர்த்திசையில் ஓட்டின. ரோடு 9 டிகிரி சாய்ந்திருக்கும். ஆக்சிலரேட்டரை விடாமல் மிதித்தபடியே கடப்பார்கள். சமதளத் திருப்பத்தில் கார் பக்கவாட்டில்தான் தள்ளும். சாய்தளத்தில் அதோடு டயரைக் கீழேயும் போட்டு அழுத்தும். வலப்பக்கத் திருப்பம் என்பதால் பாரம் இடது டயர்கள் மேல் விழும். அதிலும் இடது பின் டயர், இன்ஜின் சக்தியையும் சேர்த்துத் தாங்க வேண்டும். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ஒரு சக்கரம் நொடிக்குச் சுமார் 40 தடவை சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) நசுங்கி நிமிரும். உள்ளே சூடு ஏறும். அதைத் தாங்கும்படி மிஷ்லினின் சைடுவால் அமையவில்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே ரால்ஃப் ஷூமாக்கரின் இடது பின் டயர் அங்கே பழுதாகி, கார் சுவரில் மோதியது. அந்தத் திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காவிட்டால் உத்தரவாதம் தர முடியாது என்று மிஷ்லின் எழுதியே கொடுத்துவிட்டது.

கேள்வி: பாதியில் டயரை மாற்றிக்கொண்டு ஓட்டியிருக்கலாமே?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: அந்த வருட விதி குறுக்கே நின்றது. தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர்தான். பஞ்சரோ சேதமோ ஆனால் மட்டும் மாற்றலாம். (2006-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.) பிரான்சிலிருந்து விமானத்தில் வரவழைத்த மாற்று டயர்களும் அந்தத் திருப்பத்துக்கு உதவவில்லை. திருப்பத்துக்கு முன் சிக்கேன் (வேகத்தைக் குறைக்க வைக்கும் நெளிவான வளைவு) வைத்து வேகத்தைக் குறைக்கலாம் என்று அணிகள் கேட்டன, பந்தயத்தை நிர்வகிக்கும் எஃப்ஐஏ அமைப்பு மறுத்தது. மறுத்தது சரி என்பதே எங்கள் கருத்து. பந்தயத்துக்கு முன் யாருமே ஓட்டிப் பார்க்காத வளைவில் 20 பேரை இறக்குவது இன்னொரு ஆபத்து; சரியான டயரோடு வந்த அணிகளுக்கு அநியாயமும்கூட. காசு கொடுத்து வந்த ரசிகர்களுக்கு மிஷ்லின் பிறகு டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்தது.

கேள்வி: அப்படியானால் நரேனுக்குச் சும்மா கிடைத்த புள்ளிதானே அது?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: இல்லை. 72 சுற்று, சுமார் 302 கி.மீ., ஒரே செட் டயர். அதே திருப்பத்தை அவரும் 72 தடவை கடந்தார். மைக்கேல் ஷூமாக்கர், பாரிக்கெல்லோ, மொன்டெய்ரோ, நரேன், ஆல்பர்ஸ், ஃப்ரீசாஹர் என்ற வரிசையில் ஆறு பேரும் முடித்தார்கள். குறை சொல்வதென்றால், அதே ஜோர்டான் காரில் மொன்டெய்ரோ முன்னால் வந்துவிட்டார் என்பதைச் சொல்லலாம். மேடை ஏறும் வாய்ப்பு அங்கேதான் போனது. நாலாம் இடத்துக்கு 5 புள்ளி. எஃப் 1-இல் இந்தியர் ஒருவர் எடுத்த புள்ளிகள் இன்றுவரை இவ்வளவுதான். பிறகு ஓட்டிய சென்னை கருண் சந்தோக்குக்குப் புள்ளி கிடைக்கவில்லை.

கேள்வி: பந்தயத்தை நேரில் பார்க்க நமக்குப் பக்கத்தில் எந்த டிராக்?
– வாசகர், வில்லியனூர்

பதில்: இருங்காட்டுக்கோட்டை, 3.717 கி.மீ. நீளம். திண்டிவனம், செங்கல்பட்டு தாண்டி சிங்கப்பெருமாள் கோவிலில் இடப்பக்கம் திரும்பி, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போய்விட்டால் தாம்பரம் நெரிசல் இல்லை.

கேள்வி: கடலூர் ரோட்டில் பள்ளத்தில் இறங்கியதில் காரின் முன் டயர் பக்கவாட்டில் நெல்லிக்காய் அளவு புடைத்திருக்கிறது. காற்று இறங்கவில்லை. அப்படியே ஓட்டலாமா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: ஓட்டாதீர்கள். பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே சைடுவால் நசுங்கி, உள்ளே இருக்கும் நூல் அறுந்திருக்கிறது. அந்த இடத்தில் காற்றைப் பிடித்து நிறுத்துவது வெறும் ரப்பர். சைடுவாலில் ஒட்டுப் போட்டால் நிற்காது, ஏனென்றால் அங்கே ரப்பர் ஓயாமல் மடங்குகிறது. ஸ்டெப்னியை மாட்டி மெதுவாகக் கடைக்குப் போய் டயரை மாற்றுங்கள். ரிம் நெளிந்திருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. புது டயரில் நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள்: 2324 என்றிருந்தால் 2024-இன் 23-வது வாரத்தில் செய்தது.

காற்று குறைந்த டயர்தான் பள்ளத்தில் சீக்கிரம் நசுங்கும். டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, காலையில் வண்டி எடுக்குமுன் நிரப்புங்கள். டயர் 10 டிகிரி சூடானால் காற்று ஏறத்தாழ ஒன்றரை பவுண்டு ஏறும். மத்தியான வெயிலில் 36 காட்டுகிறதே என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலை குறைந்துதான் நிற்கும்.