லண்டன் மாமாவை மறைக்கவா, சொல்லவா?

கேள்வி: மகள் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது. லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணக்கியலும் நிதியும் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. விசாவுக்கு வேண்டிய கடைசி உறுதிக் கடிதம் தருவதற்கு முன் பல்கலைக்கழகம் வீடியோவில் நேர்காணல் செய்வார்களாம். கிளிநொச்சியில் நாங்கள் பிடித்த ஏஜென்சிக்காரர் எழுபது கேள்வியும் பதிலும் அடித்துத் தந்து பாடமாக்கச் சொல்கிறார். காசு தருவது லண்டனில் இருக்கிற என் தம்பி, மகள் தங்குவதும் அவர் வீட்டில்தான். அவரைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்கிறார். மகள் ஆங்கிலம் எழுதுவாள், கதைக்கத் தடுமாறுவாள். என்ன செய்வது? – விசுவமடுவிலிருந்து ஒரு தாய்

பதில்: மறைக்க வேண்டாம், அம்மா. கேட்டால், "என் மாமா லண்டனில் இருக்கிறார், முதல் ஆண்டுச் செலவுக்கு அவர் உதவுகிறார், அவர் வீட்டில் தங்குவேன்" என்று பிள்ளை மூன்று வசனத்தில் சொல்லட்டும். விடயம் அதோடு முடிந்தது. உறவினர் அங்கே இருப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. சொல்லாமல் விடுவதில்தான் வில்லங்கம். உங்கள் தம்பி அனுப்பிய காசு வங்கிக் கூற்றில் அவர் பெயரோடு கிடக்கும். பிள்ளை தங்கும் முகவரியும் அவருடையது. கடதாசி ஒன்று சொல்ல வாய் வேறொன்று சொன்னால், நேர்காணல் செய்பவர் மாமாவைப் பற்றி யோசிக்க மாட்டார், இந்தப் பிள்ளை இன்னும் எதை மறைக்கிறது என்றுதான் யோசிப்பார். அதுவே விசா விண்ணப்பம் வரை போய் ஏமாற்று என்று பதிவானால் 10 ஆண்டுகளுக்கு அந்த நாட்டு விசாவை மறக்கவேண்டியதுதான். அந்தப் பத்து ஆண்டும் ஏஜென்சிக்காரருடையது இல்லை, உங்கள் மகளுடையது.

பல்கலைக்கழகம் ஏன் இப்படிக் குடைகிறது என்பது தெரிந்தால் பயம் பாதி குறையும். வெளிநாட்டு மாணவரை எடுப்பதற்கு அவர்களுக்குப் பிரித்தானிய உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். அவர்கள் உறுதிக் கடிதம் கொடுத்த பிள்ளைகளில் ஒரு வரம்புக்கு மேல் விசா நிராகரிக்கப்பட்டால் அந்த அனுமதிக்கே ஆபத்து. 10 சதவீதமாக இருந்த அந்த வரம்பை 5 சதவீதமாக இறுக்கப்போவதாக 2025 மே மாதத்து வெள்ளை அறிக்கையில், அதாவது கொள்கை அறிக்கையில், பிரித்தானிய அரசாங்கம் சொல்லியும்விட்டது. ஆகவே விசா அதிகாரி பின்னால் கேட்கக்கூடியதைப் பல்கலைக்கழகம் முதலே கேட்டுப் பார்க்கிறது. கட்டணம் முழுக்க வாங்கிக்கொண்டு, படிக்க வரும் பிள்ளையை வாசலில் வைத்துச் சந்தேகக் கைதி போல விசாரிக்கிறார்கள். எனக்கு இதில் எரிச்சல்தான். ஆனால் உங்கள் மகள் முன்னால் இருக்கப்போகிற ஆளுக்கு அவளை விழுத்துவதில் ஒரு லாபமும் இல்லை. இவள் உண்மையாகவே படிக்கத்தான் வருகிறாளா, தன் படிப்பைப் பற்றித் தனக்கே தெரியுமா, செலவுக்கு வழி உண்டா என்ற மூன்றுக்கும் அவருக்கு விடை வேண்டும், அவ்வளவுதான்.

இனி அந்த எழுபது கேள்வி. எடுத்து அலுமாரியில் வையுங்கள். இந்தத் தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வவுனியாவில் ஒருவர் எழுதியதை மாங்குளத்தில் ஒருவர் பிரதி எடுத்து, பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் மாற்றி விற்கிறார். ஒன்றில் பெயரைக்கூட மாற்ற மறந்திருந்தார்கள். "உலகத்தரம் வாய்ந்த கல்வி, பல்கலாசாரச் சூழல்" என்ற அதே வசனத்தை நேர்காணல் செய்பவர் காலையிலிருந்து எத்தனை பிள்ளைகளிடம் கேட்டிருப்பார்? பாடமாக்கிய பிள்ளை ஒரு சொல் மறந்தால் முழுப்பதிலும் போய்விடும். கண் மேலே ஓடும், குரல் மாறும். பிறகு குறுக்குக் கேள்வி வரும், அதற்குத் தாளில் பதில் இருக்காது.

மகளிடம் சொந்தமாகச் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கும். உங்கள் பக்கத்தில் உரக்கடையோ அரிசி ஆலையோ வைத்திருக்கிற ஒரு மாமா, பெரியப்பா இல்லாமலா இருப்பார்? காலபோகத்துக்குக் கடனாகப் பசளை கொடுத்துவிட்டு, அறுவடை முடிந்து காசு வரும்வரை அவர் கடையை எப்படி ஓட்டுகிறார்? வராத கடனை எந்தக் கொப்பியில் எழுதுகிறார்? மகள் உயர்தரத்தில் கணக்கீடு படித்தவள். ஒரு பின்னேரம் போய்ப் பார்த்து, கேட்டு, தான் படித்ததோடு ஒப்பிட்டுச் சொன்னால், "ஏன் கணக்கியல்?" என்ற கேள்விக்கு லண்டனில் எவரும் கேட்டிராத பதில் அது. பிறகு பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்துக்குப் போய், முதலாம் ஆண்டில் என்னென்ன பாடம், அவற்றில் தனக்குப் பிடித்தது எது, கஷ்டமாகத் தெரிவது எது என்று பார்த்து வைக்கட்டும். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, கட்டியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பதை அவள் வாயாலேயே சொல்லத் தெரியவேண்டும். "அப்பாவுக்குத்தான் தெரியும்" என்ற பதிலால் இடம் இழந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் உண்டு.

"ஏன் உன் நாட்டில் படிக்கவில்லை?" என்பது நிச்சயம் வரும். ஏஜென்சித் தாள், "இலங்கையில் கல்வித்தரம் குறைவு" என்று சொல்லச் சொல்லும். சொல்லக்கூடாது. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகக் கற்கைகள் பீடமே இருக்கிறது, 2021 ஆகஸ்டில் அது தனிப் பல்கலைக்கழகமாகவும் ஆகிவிட்டது. அதைத் தெரியாத பிள்ளைபோல் மகள் நிற்கக்கூடாது. உண்மையைச் சொல்லட்டும்: பரீட்சையில் சித்தியடைந்தேன், எங்கள் நாட்டில் அரச பல்கலைக்கழக இடங்கள் குறைவு, தெரிவு பரீட்சைப் புள்ளிகளிலிருந்து கணிக்கும் இசட் புள்ளியில் நடக்கிறது, எனக்குக் கொஞ்சத்தில் தவறியது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சித்தியடைந்த பிள்ளைகளில் பெரும்பகுதிக்கு இடம் இல்லை என்று சொல்லும் ஒரு முறையை வருடா வருடம் நடத்துகிறவர்கள்தான் வெட்கப்படவேண்டும். உயர்தரம் எழுதியதற்கும் இப்போதைக்கும் ஏன் இவ்வளவு இடைவெளி என்று கேட்டாலும் பதறவேண்டாம். 2023ஆம் ஆண்டுப் பரீட்சையையே 2024 ஜனவரியில்தான் நடத்தினார்கள், பிறகு பெறுபேறு, பிறகு வெட்டுப்புள்ளி. திகதிகளை வரிசையாகச் சொன்னால் போதும்.

ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, விளங்காமல் தலையாட்டுவதுதான் ஆபத்து. "தயவுசெய்து இன்னொருமுறை கேட்க முடியுமா" என்பதை ஆங்கிலத்தில் கூச்சமில்லாமல் கேட்கப் பழகட்டும். அதற்கு எவரும் புள்ளி வெட்டுவதில்லை. தம்பி காசு தருவதோடு நிற்காமல் ஒவ்வொரு நாளும் பதினைந்து நிமிடம் போனில் ஆங்கிலத்தில் கதைக்கட்டும். கேள்வியை ஒவ்வொரு நாளும் வேறு வரிசையில், வேறு சொற்களில் கேட்கவேண்டும். சில பல்கலைக்கழகங்களில் ஆளே இருக்காது, திரையில் கேள்வி தோன்றும், குறித்த நேரத்துக்குள் பதிலைப் பதியவேண்டும். அப்படியென்றால் போனை நிமிர்த்தி வைத்து, தன்னையே படம்பிடித்துப் பழகுவதுதான் வழி.

நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. மின்னஞ்சலில் வருவது பெரும்பாலும் பிரித்தானிய நேரம். நாங்கள் குளிர்காலத்தில் அவர்களைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு, கோடையில் நாலரை. மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் மாதக் கடைசி ஞாயிறும் அவர்கள் மணிக்கூட்டை மாற்றுவார்கள். வீட்டில் சிக்னல் அடிக்கடி அறுந்துபோகும் என்றால் பரந்தனிலோ கிளிநொச்சியிலோ நல்ல இணைப்பு உள்ள சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறையைக் கேளுங்கள். மடிக்கணினியில் முழுச் சார்ஜ், பக்கத்தில் டேட்டா போட்ட இன்னொரு போன், கையில் கடவுச்சீட்டு. இடையில் இணைப்பு அறுந்தால் திரும்ப நுழைந்து காரணத்தைச் சொல்லட்டும். நுழையவே முடியாவிட்டால் அந்த நிமிடமே மின்னஞ்சல் போடட்டும். ஏஜென்சிக் கந்தோரில் மட்டும் வேண்டாம். திரைக்குப் பின்னால் ஒருவர் நின்று பதில் எழுதிக் காட்டுவதை அவர்கள் ஒரு சேவையாகவே விற்கிறார்கள். கமராவைத் திருப்பி அறையைக் காட்டச் சொன்னால் என்ன செய்வார்கள்?

காசு விடயத்தில்தான் எங்கள் சனம் அதிகம் ஏமாறுகிறது. முதலாண்டுக் கட்டணத்தில் கட்டாத மிச்சமும், ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் வங்கியில் தொடர்ந்து 28 நாட்கள் கிடக்கவேண்டும். லண்டனுக்கு அந்தச் செலவுக் கணக்கு 2025 நவம்பரிலிருந்து மாதம் 1,529 பவுண், ஒன்பது மாதத்துக்கு 13,761. ஒரு நாள் குறைந்தாலும், ஒரு ரூபாய் குறைந்தாலும் கதை முடிந்தது. அந்தக் கணக்கு மகளின் பெயரிலோ உங்கள் இருவரில் ஒருவரின் பெயரிலோ இருக்கவேண்டும். மாமாவின் லண்டன் கணக்கு செல்லாது. அவர் முற்கூட்டியே இங்கே அனுப்பி, இந்தக் காசை மகளின் படிப்புக்குக் கொடுத்தேன் என்று ஒரு கடிதமும் எழுதி வைக்கட்டும்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் வன்னியில் இதைக் கேட்காத வாரம் இல்லை. 2009இல் தாய் தகப்பனை இழந்து, அம்மம்மாவோ பெரியம்மாவோ வளர்த்த பிள்ளைகள். பெரியம்மா தாய்க்குச் சமம்தான், ஊருக்கே தெரியும். விசா அதிகாரிக்குத் தெரியாது. பெரியம்மாவின் கணக்கில் காசைப் போட்டுவிட்டு, கிராம சேவகர் கடிதமும் சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசியும் இணைத்து, "இவர்தான் வளர்த்தவர்" என்று அனுப்புகிறார்கள். நிராகரிக்கப்படுகிறது. சட்டப்படியான பாதுகாவலர் என்று காட்ட வெறும் சத்தியக்கடதாசி போதாது. பதினெட்டு முடிந்த பிள்ளைக்கு இனிப் புதிதாகப் பாதுகாவலர் தேடி நீதிமன்றம் ஏறி இறங்குவதும் வீண் அலைச்சல். வழி மிகச் சுலபம்: பிள்ளையின் சொந்தப் பெயரில் கணக்குத் திறந்து காசை அதில் போடுங்கள். சொந்தக் கணக்குக்கு உறவுமுறை நிரூபிக்கத் தேவையே இல்லை. நேர்காணலில், "பெற்றோர் இல்லை, பெரியம்மா வளர்த்தார், குடும்பமாகச் சேர்த்த காசு" என்று பிள்ளை சொன்னால் போதும். அதற்குமேல் அந்தக் காயத்தை அவர்கள் முன் திறந்து காட்டவேண்டிய கடமை அந்தப் பிள்ளைக்கு இல்லை. இவ்வளவு எளிய விடயத்தைச் சொல்லித்தர ஒரு கந்தோரும் இல்லாதபடியால்தான் ஏஜென்சிக்காரர் அதற்கும் தனியாகக் காசு வாங்குகிறார்.

28 நாளைக்கு வட்டிக்குக் காசு போட்டுத் தருகிறேன், பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வருவார். அவரோடு கூட, காணியை ஈடு வைக்கச் சொல்லும் இன்னொருவரும் வருவார். இருவரையும் படலையோடு திருப்பி அனுப்புங்கள். வங்கியில் விசாரித்துப் பார்க்கும் அதிகாரம் விசா அதிகாரிக்கு உண்டு. பிடிபட்டால் முன்னே சொன்ன அதே 10 ஆண்டு, காணியும் போகும்.

ஏஜென்சிக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. பொதுவாக, பிள்ளையைச் சேர்த்ததற்குப் பல்கலைக்கழகமே அவர்களுக்குத் தரகு கொடுக்கிறது. உங்களிடம் "நேர்காணல் கட்டணம்" என்று இன்னொன்று கேட்டால் அது இரண்டாவது சம்பளம். படிப்புக் கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேரே அனுப்புங்கள், ஏஜென்சியின் கையில் ஒரு சதமும் வேண்டாம். வாரத்துக்கு எவ்வளவும் வேலை செய்யலாம் என்று சொல்லியிருப்பார்கள், பொய். பட்டப்படிப்பு மாணவருக்குத் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம்தான். நேர்காணலில் வேலையைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணைச் சொல்லி, படிப்புச் செலவை வேலையால் சமாளிக்கப்போவதில்லை என்றும் மகள் சேர்த்துச் சொல்லவேண்டும்.

உறுதிக் கடிதம் வந்தபிறகு காசநோய்ப் பரிசோதனை இருக்கிறது. கொழும்பில் ஐ.ஓ.எம். எனப்படும் சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பின் நிலையத்தில்தான் செய்யவேண்டும், சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். அதை "சுகமாக எடுத்துத் தர" ஆள் தேவையில்லை, நேரம் பதிந்து காலை பஸ்ஸில் போனால் சரி.

கடைசியாக, மகளின் கடவுச்சீட்டும் மூலச் சான்றிதழ்களும் இப்போது யாரிடம் இருக்கின்றன? ஏஜென்சியில் என்றால் நாளைக்கே போய் வாங்குங்கள். பிரதி அவர்களிடம் இருந்தால் போதும். தர மறுத்தால் பொலிசில் முறைப்பாடு எழுதுவேன் என்று அங்கே நின்றே சொல்லுங்கள், பெரும்பாலும் லாச்சியிலிருந்து உடனே வெளியே வரும்.