நிலாவை நூலில் கட்டுவது: ஒரு பைண்டரிடம் கேட்ட கேள்விகள்

30 வருஷமாக வேலூர் சைதாப்பேட்டையில் பைண்டிங் வேலை செய்கிறேன். (சென்னை சைதாப்பேட்டை இல்லை, எங்களுக்கும் ஒன்று இருக்கிறது.) கணக்கு நோட்டு, பள்ளிக்கூட ரெஜிஸ்டர், மாணவர்களின் தீசிஸ், இவைதான் சோறு போட்டன. கொஞ்ச காலமாகக் கடையை மூடிய பிறகு நிலாவை வைத்துக் கைப்புத்தகம் செய்கிறேன். அதில் எழுத்து அதிகம் இருக்காது. தாள், மடிப்பு, ஓட்டை, தையல், இவ்வளவுதான். பார்த்தவர்கள் நிறையக் கேட்டார்கள். எல்லாருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (காட்பாடி, கல்லூரி மாணவி): நிலா புத்தகம் ஒன்று செய்ய ஆசை சார். கவிதையில் ஆரம்பிக்கவா, படத்தில் ஆரம்பிக்கவா?

மொட்டை மாடியில் ஆரம்பியுங்கள் அம்மா. ஒரு சின்ன நோட்டில் ஒரே அளவில் 30 வட்டம் போட்டுக்கொண்டு, ஒரு மாதம் தினமும் நிலாவைப் பார்த்து வெளிச்சமான பக்கத்தை மட்டும் குறியுங்கள். நிலா நாளுக்குச் சராசரியாக 50 நிமிஷம் தாமதமாக உதிக்கும். அதனால் தேய்பிறைக்கு விடியற்காலையில் எழ வேண்டியிருக்கும், தப்பிக்க வழியில்லை.

இப்படிப் பார்த்தால் ஒன்று தெரியவரும். நம் ஊரில் சாயங்காலப் பிறை தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். படப்புத்தகங்களில் வருகிற பிறை நிமிர்ந்து நிற்கும், ஏனென்றால் அதை வரைந்தவர்கள் வடக்கே தூரத்தில் இருந்தவர்கள். வேலூர் பூமத்திய ரேகையிலிருந்து 13 பாகைதான் தள்ளி இருக்கிறது. இங்கே சூரியனும் நிலாவும் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குவதால், வெளிச்சம் பிறையின் அடிப்பக்கத்தில் விழுகிறது. உங்கள் புத்தகத்தில் பிறை படுத்திருந்தாலே அது வேலூர் நிலா ஆகிவிடும்.

கேள்வி (அதே மாணவி): குறித்தாயிற்று. இதை எப்படிப் புத்தகமாக்குவது?

நான் அதிகம் செய்வது திதிப் புத்தகம். அமாவாசைக்கு ஓட்டை இல்லாத ஒரு ஏடு. பிரதமை முதல் பௌர்ணமி வரை 15 ஏடு, ஒவ்வொன்றிலும் அன்றைய பிறை அளவுக்கு ஓட்டை. மொத்தம் 16 ஏடு, அதாவது 8 தாளை நடுவில் மடித்தால் போதும். 200 ஜிஎஸ்எம் கனத்தில் கறுப்புக் கைத்தாள் நன்றாக இருக்கும். 30 செ.மீ அகலம், 18 செ.மீ உயரம் வெட்டிக்கொள்ளுங்கள். எட்டையும் ஒரே பாரமாக (ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகித் தைக்கும் தாள் கட்டு) மடித்தால் உள் ஏடுகள் வெளியே பிதுங்கும், அதனால் நான்கு நான்காக இரண்டு பாரம்.

எந்தத் தாளில் எந்தத் திதி ஜோடி சேரும் என்று குழப்பம் வரும். அமாவாசையைப் பூஜ்யமாக வைத்து எண் போடுங்கள். முதல் பாரத்தில் ஒரே தாளில் வரும் இரண்டு திதியைக் கூட்டினால் 7 வர வேண்டும்: அமாவாசையும் சப்தமியும், பிரதமையும் சஷ்டியும், இப்படி. இரண்டாவது பாரத்தில் கூட்டினால் 23: அஷ்டமியும் பௌர்ணமியும், நவமியும் சதுர்த்தசியும். இந்தக் கணக்கு இல்லாமல் நான் வெட்டிய முதல் புத்தகத்தில் தசமி முடிந்ததும் பஞ்சமி வந்தது.

பிறை வடிவம்தான் நுணுக்கமான வேலை. பெரிய வட்டத்தின் மேல் இன்னொரு வட்டத்தை நகர்த்தி வைத்து வெட்டிவிடாதீர்கள். அப்படி வெட்டினால் கிரகணம் பிடித்தது போல இருக்கும். பிறையின் இரண்டு கொம்பும் எப்போதும் வட்டத்தின் எதிரெதிர் முனைகளில்தான் நிற்கும், உள்வளைவு நீள்வட்டத்தில் பாதி. ஒரு திதிக்கு நிலா சூரியனை விட்டு 12 பாகை விலகுகிறது. 8 செ.மீ வட்டத்தில் திதி முடியும் நேரத்துக்குக் கணக்குப் போட்டால், நடுவில் பிறையின் அகலம் திருதியைக்கு 7.6 மி.மீ, பஞ்சமிக்கு 20, சப்தமிக்கு 36, அஷ்டமிக்கு 44, தசமிக்கு 60, துவாதசிக்கு 72. ஆரம்பத்திலும் முடிவிலும் மெல்ல, நடுவில் வேகமாக வளரும். பிரதமைக்கு ஒரு மி.மீ கூட வராது. அதைக் கத்தியால் வெட்ட முடியாது, ஊசியால் ஒரு கீறல் போதும். வானத்திலும் அன்றைக்குப் பிறை கண்ணில் படாதே!

கணக்கு பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி. 8 செ.மீ அகல டப்பாவைச் சுற்றிக் கம்பியை வளைத்து ஒரு வளையம் செய்யுங்கள். வெயிலில் அட்டையைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, அதன் மேல் வளையத்தைச் சாய்த்தால், விழுகிற நிழல்தான் உங்களுக்கு வேண்டிய நீள்வட்டம். பென்சிலால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அச்சு வெட்டப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் அருமையான பொருள். வேலூரில் எக்ஸ்ரே இல்லாத வீடு ஏது?

கேள்வி (குடியாத்தம்): 15 ஏட்டில் வளர்பிறை முடிந்துவிடுகிறதே அண்ணா. தேய்பிறைக்கு இன்னொரு புத்தகமா?

இதே கேள்வி எனக்கும் இருந்தது. ஒரு நாள் தைத்து முடித்த புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறந்துவிட்டேன். வலது பக்கம் வெளிச்சமாக இருந்த பிறை, ஏட்டின் முதுகில் இடது பக்கம் வெளிச்சமாகத் தெரிந்தது. அதுதானே தேய்பிறை! முன்னாலிருந்து புரட்டினால் பௌர்ணமிக்கு வளர்கிறது, பின்னாலிருந்து புரட்டினால் அதே ஓட்டைகள் தேய்ந்துகொண்டே அமாவாசைக்குப் போகின்றன. நான் யோசித்துச் செய்தது இல்லை, தாளே செய்துகொண்டது.

ஒரு சிக்கல் உண்டு. முன்னாலிருந்து பார்க்கும்போது அடுத்தடுத்த ஓட்டைகள் பெரிதாகிக்கொண்டே போவதால், கடைசியில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாள் எல்லா ஓட்டை வழியாகவும் தெரியும். பின்னாலிருந்து பார்த்தால் அடுத்த ஓட்டை சின்னது, அதனால் படிக்கட்டு மாதிரி கறுப்பு ஓரங்கள் எட்டிப் பார்க்கும். இதற்காகப் பால் நிறத்தில் ஒரு தனித் தாளை நாடாவில் கட்டி முதுகில் தொங்க விடுகிறேன். படிப்பவர் ஒவ்வொரு ஏட்டுக்குப் பின்னாலும் அதைச் செருகிக்கொண்டே போக வேண்டும். நிலாவைக் கையால் நகர்த்துவது மாதிரி இருக்கிறது என்று ஒரு குழந்தை சொன்னது.

கேள்வி (ஆம்பூர், ஷூ கம்பெனி ஊழியர்): கட்டிங்கில் மிஞ்சும் தோல் துண்டுகள் கிடைக்கும். மேலட்டைக்கு ஆகுமா?

உங்களுக்கு என்ன தம்பி, கொடுத்து வைத்தவர்! லைனிங்குக்கு வரும் ஆட்டுத்தோல் மெல்லியது, அது சரியாக இருக்கும். அட்டைக்கு உள்ளே மடியும் ஓரத்தை மட்டும் ஸ்கைவிங் செய்து, அதாவது சீவி மெல்லிசாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மூலை மொத்தையாக நிற்கும். ஆனால் பிறையை அழுத்திப் பதிக்க வேண்டுமென்றால் குரோம் உப்பில் பதப்படுத்திய தோல் அவ்வளவாக ஒத்துழைக்காது, அழுத்தினாலும் எழும்பிவிடும். பட்டை போட்ட தோல் வேண்டும். நம் வட ஆர்க்காட்டுத் தொட்டிகளில் ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதப்படுத்தினார்கள். அந்த மாதிரித் தோலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஸ்பூனின் முதுகால் தேய்த்தால் பள்ளம் அப்படியே நிற்கும்.

கேள்வி (ஆரணி): கறுப்பு சார்ட் பேப்பர் ஆறு மாதத்தில் வெளுத்துவிட்டது. ராத்திரிக்கு நல்ல கறுப்பு எது?

கடுக்காய் என்றேனே, அதுதான். கடுக்காய்த் தோலை இடித்து ஒரு ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, பருத்திக் கைத்தாளில் பூசிக் காயவிடுங்கள். தாள் லேசாக மஞ்சளாகும். அப்புறம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) தண்ணீரில் கரைத்து அதன் மேல் பிரஷ்ஷால் இழுங்கள். பிரஷ் போகிற வழியெல்லாம் மஞ்சள் சாம்பலாகி, சாம்பல் கறுநீலமாகி, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருட்டும். பூச்சு ஒரே சீராக வராது, திட்டுத்திட்டாக மேகம் மாதிரி வரும். எனக்கு அதுதான் பிடிக்கும். அன்னபேதியை அள்ளிப் போடாதீர்கள். அதிகமானால் வருஷங்கள் போகப் போகத் தாளை அரிக்கும்.

கேள்வி (ராணிப்பேட்டை): நீல ராத்திரி வேண்டுமென்றால்?

சயனோடைப். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை, அவரும் வானம் பார்த்தவர்தான். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, கலந்து, இருட்டறையில் தாளில் பூச வேண்டும். காய்ந்ததும் பிறை வடிவில் வெட்டிய அட்டையை மேலே வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் அட்டை மறைத்த இடம் வெள்ளை, மற்றதெல்லாம் நீலம். நம் ஊர் கத்திரி வெயிலில் சில நிமிஷமே போதும். வேலூர் வெயிலைத் திட்டாமல் நான் பயன்படுத்திய ஒரே வேலை இது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (வேலூர், ஓவிய ஆசிரியை): நிலாவின் மேடுபள்ளத்தைத் தாளில் கொண்டுவர வழி உண்டா? கோட்டைக் கல்லில் தாளை வைத்துத் தேய்க்கலாமா?

கோட்டை வேண்டாம் டீச்சர். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, தூண் சிற்பத்தில் பென்சில் படக் கூடாது. உங்கள் வீட்டு அம்மியே போதும். கொத்திச் சில நாளான அம்மி கிடைத்தால் அதிர்ஷ்டம். மெல்லிய தாளைப் போட்டு 6பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். உளி விழுந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிண்ணக்குழி. அரைத்து அரைத்து வழவழப்பான நடுப்பகுதி சமமாக, லேசான சாம்பலாக வரும். நிலாவிலும் அப்படித்தான், எரிமலைக் குழம்பு பரவி உறைந்த சமவெளிகளைத்தான் ‘கடல்’ என்கிறார்கள். எங்கள் நைனா காலத்து அம்மியில் ஓரத்தில் ஒரு பெரிய சில்லு பெயர்ந்திருக்கும். என் எல்லாப் புத்தகத்திலும் அந்தச் சில்லு ஏதோ ஒரு மூலையில் இருக்கும்.

கேள்வி (வாணியம்பாடி): நிலாப் பாட்டியை எப்படி வைப்பது?

சுழலும் வட்டாக வையுங்கள். உதிக்கும் நிலாவையும் நடுராத்திரி தாண்டி மேற்கே இறங்கும் அதே நிலாவையும் பாருங்கள். நம் ஊரில் கிட்டத்தட்ட தலைகீழாகியிருக்கும். பாட்டி சாயங்காலம் உட்கார்ந்து வடை சுட்டால், விடியும்போது தலைகீழாகச் சுடுகிறாள். நடுவில் ஷூவுக்குப் போடும் ஐலெட் அடித்து, அடியில் காகித வளையம் ஒன்று வைத்தால் வட்டு இறுகாமல் சுற்றும்.

கேள்வி (திருவண்ணாமலை): பௌர்ணமி கிரிவலத்தை மடிப்புப் புத்தகமாக்க நினைக்கிறேன். யோசனை சொல்லுங்கள்.

அஷ்ட லிங்கத்துக்கு எட்டு மடிப்பு, கடைசியை முதலோடு ஒட்டி வட்டமாக நிறுத்துங்கள். அதுவரை எல்லாரும் செய்வார்கள். நிலாவை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம். பௌர்ணமி நிலா சூரியன் மறையும்போது கிழக்கே உதிக்கும். 14 கி.மீ பாதையில் மலை எப்போதும் உங்கள் வலது கைப்பக்கம். கோயிலிலிருந்து தெற்கே நடக்கும்போது நிலா இடது பக்கம், மலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். எம லிங்கம் தாண்டி மேற்கே திரும்பினால் முதுகுக்குப் பின்னால் போய்விடும். நிருதி லிங்கம் தாண்டி வடக்கே திரும்பியதும் மலைக்கு மேலே தெரியும். மணிக்குச் சுமார் 15 பாகை ஏறுவதால் அதற்குள் நல்ல உயரத்துக்கு வந்திருக்கும். அப்புறம் கிழக்கே திரும்பும்போது முகத்துக்கு நேரே. எட்டு மடிப்பிலும் நிலாவை ஒரே இடத்தில் வைத்தீர்களானால், நடக்காதவர் செய்த புத்தகம் என்று ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி (ஆலங்காயம், பள்ளி ஆசிரியர்): பிள்ளைகளை வைத்து ஒரே வகுப்பில் முடிகிற மாதிரி ஏதாவது?

தூரப் புத்தகம். 10 செ.மீ அகலத்தில் 12 மடிப்பு உள்ள விசிறி மடிப்பு. ஒரு முனையில் 3.7 செ.மீ பூமி, அங்கிருந்து 110 செ.மீ தள்ளி 1 செ.மீ நிலா. நடுவில் ஒன்றும் வரைய வேண்டாம். 3,84,400 கி.மீ தூரத்தின் சரியான அளவு அதுதான். முதலில் பூமியை மட்டும் ஒட்டிவிட்டு, நிலா எங்கே வரும் என்று பிள்ளைகளைக் குறிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டாவது மடிப்பிலேயே குறித்துவிடுவார்கள். உங்களுக்குக் காவலூர் வானாய்வகம் பக்கம்தானே, அங்கே மங்கலான நட்சத்திரம் தேடுபவர்களுக்குப் பௌர்ணமி ஒரு தொந்தரவு என்பதையும் சொல்லுங்கள், சிரிப்பார்கள்.

கேள்வி (பேரணாம்பட்டு): பசை எது? ஒட்டின அட்டை வளைந்துபோகிறது.

மைதா பசையும் ஃபெவிகாலும் பாதிப் பாதி. கடைகளில் பூச்சிக்காக மயில்துத்தம் போடுவோம். அது விஷம், தாளுக்கும் நல்லதில்லை, கைப்புத்தகத்துக்கு வேண்டாம். அலமாரியில் வசம்புத் துண்டு வைத்தால் போதும். அட்டை வளைவது, வெளியே ஒட்டிய துணி காயும்போது தன் பக்கம் இழுப்பதால். உள்பக்கமும் உடனே தாள் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகும். தாளின் நார் ஓடும் திசை முதுகுக்கு இணையாக இருக்கட்டும். மே மாதத்தில் ஃபேனுக்கு அடியில் காயவைத்து நான் ஒரு தடவை பௌர்ணமிப் புத்தகத்தையே பிறையாக்கியிருக்கிறேன். இப்போதெல்லாம் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, அந்த அம்மியையே மேலே ஏற்றி, ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடுகிறேன்.

கேள்வி (காட்பாடி மாணவி, மறுபடியும்): தைக்கும் நூல் என்ன நிறம் சார்?

மெழுகு தேய்த்த வெள்ளை நூல். முதுகில் வெளியே தெரிகிற மாதிரி தையுங்கள். அமாவாசை ஏட்டில் வெள்ளையாக இருப்பது அது ஒன்றுதான்.